இந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் எப்படித் திரும்பும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு திகில் வீடியோ கேமுக்காக மருத்துவமனை லெவல் (ஆடுபவர் சுற்றித் திரியும் இடம்) ஒன்றை வடிவமைத்தேன். வளைந்து நெளிந்த நடைபாதைகள், மூலைக்கு மூலை ஒளிந்துகொள்ள இடம், சாவி தேட மூன்று மாடி. ஆடிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் நர்ஸ். பத்து நிமிடத்தில் கேட்டார்: "சார், இந்தத் திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் எப்படித் திரும்பும்? பாத்ரூமே காணோமே?" பேய் வந்தபோதுகூட அவர் அசரவில்லை.

லெவல் டிசைனர்களுக்கு இது ஒரு தொழில்நோய். ஆடுபவர் எங்கே நுழைவார், எங்கே மாட்டிக்கொள்வார் என்றே யோசித்து யோசித்து, அவருக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் யாரோ வேலை பார்த்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

அதற்காக நிஜத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் 3 அடிக் கதவை வைத்தால், ஆளுக்குப் பின்னால் வரும் கேமரா சுவரில் முட்டும். 1993-இல் வந்த டூம் என்ற சுடும் கேம் உருவானபோது, அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான டாம் ஹால் நிஜ ராணுவத் தளம் போலவே வரைபடங்கள் போட்டார். ஆட சுவாரஸ்யமாக இல்லை. சக வடிவமைப்பாளர் ஜான் ரொமேரோவின் விசித்திரமான அறைகள்தான் ஜெயித்தன. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் கதை ஒரு காரணம் சொன்னால், இடம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ரெசிடென்ட் ஈவில் 2-இல் (1998) போலீஸ் நிலையம் முழுக்கச் சிலைகளும் புதிர்களும். முன்பு அது அருங்காட்சியகம் என்று கதை சமாளிக்கிறது. சிலைக்குச் சரி. ஆனால் ஒரு போலீஸ்காரர் தன் ஸ்டேஷனுக்குள் நடமாட சீட்டுக்கட்டு மாதிரி இஸ்பேட் குறி போட்ட சாவியும் ஆட்டின் குறி போட்ட சாவியும் தேட வேண்டுமா? போர்ட்டல் (2007) இந்தத் தொல்லையே இல்லாமல் தப்பித்தது. அங்கே இடமே சோதனைக்கூடம். புதிர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

டார்க் சோல்ஸ் 2-இல் (2014) ஒரு காற்றாலையின் உச்சியிலிருந்து லிஃப்டில் மேலே போனால், எரிமலைக் குழம்பு சூழ்ந்த இரும்புக் கோட்டை வரும். வெளியே நின்று பார்த்தால் காற்றாலைக்கு மேலே வெறும் வானம்! வேறொரு கேமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். முதல் பாகத்தில் (2011) தேவாலயத்திலிருந்து லிஃப்டில் இறங்கினால், பல மணி நேரத்துக்கு முன் கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்போம்; இடங்கள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும். அப்படிப் பழக்கிவிட்டு இப்படிச் செய்ததால்தான் இன்றைக்கும் கேலி ஓயவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜேம்ஸ் பாண்ட் கேமான கோல்டன்ஐ (1997) உருவான விதம். ஆடுபவர் எங்கே தொடங்குவார், எங்கே முடிப்பார் என்று தீர்மானிக்காமலேயே பல இடங்களை முதலில் கட்டடங்களாகக் கட்டிவிட்டார்கள். காவலர்களும் பணிகளும் அப்புறம்தான். அதனால் ஒன்றுக்கும் உதவாத அறைகள் சில மிஞ்சின. அந்த அறைகளால்தான் அது யாரோ புழங்கிய இடமாகத் தெரிகிறது.

நானும் என் ஆஸ்பத்திரியைப் பிரித்துப் போட்டேன். குப்பை எந்த வழியாக வெளியே போகும், இரவு டியூட்டிக்காரர் எங்கே சாப்பிடுவார் என்று முதலில் எழுதிக்கொண்டேன். நடைபாதையை 8 அடியாக்கினேன். நர்ஸ்கள் உட்காரும் இடத்தை வார்டுக்கு நடுவில் கொண்டுவந்தேன். கழிப்பறையும் வந்தது.

அதே நர்ஸ் மறுபடி ஆட வந்தார். பேய் துரத்தியதும், மேப்பைத் திறக்காமலே நேராக நர்ஸ்கள் இடத்துக்கு ஓடி மேசைக்கடியில் ஒளிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னார்: "எல்லாம் சரி சார், கை கழுவ ஒரு சிங்க் வைக்கலையே?"