மூச்சு பழகிவிட்டது, எலும்பு பழகவில்லை: புதிதாக ஓடுபவர்கள் கவனத்துக்கு

ஓடிப் பார்த்து, மூச்சு வாங்கி, இரண்டே நாளில் விட்டவர்கள் பிசியோதெரபிக்கு வருவதில்லை. மூச்சு வாங்குவது குறைந்து, 'இனி நன்றாக ஓடலாம்' என்று தெம்பு வந்தவர்கள்தான் நொண்டிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் நடுவில்.

இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகத் தொடங்கிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதங்கள் ஆகும். எலும்பின் கணக்கு இன்னும் விசித்திரமானது. புதிய சுமை விழுந்தால் உடல் முதலில் பழைய எலும்பைக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். இடைப்பட்ட சில வாரங்கள் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 காலடி என்றால், 80 கிலோ எடையுள்ளவரின் கால் என்ன பாடுபடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே பயிற்சியின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது மூச்சு அல்ல, எலும்பு.

முதலில் ஒரு சோதனை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடக்க முடிகிறதா? முடியாவிட்டால் மூன்று வாரம் நடை மட்டும்தான்.

புதிதாக ஓடுபவர்களுக்காக ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' (Couch to 5K) என்ற 9 வாரத் திட்டம் உலகெங்கும் பிரபலம். வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி. நல்ல திட்டம்தான். ஆனால் ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாளிலேயே நடையில்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்கிறது. பல வருடம் நாற்காலியிலேயே உட்கார்ந்து நாற்பதைத் தாண்டியவருக்கு அது பெரிய தாவல். அவர்கள் அதை 14 வாரமாக இழுத்துக்கொள்வது நல்லது. முதல் இரண்டு வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு முறை. அடுத்த இரண்டு வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை. பிறகு 3 நிமிட ஓட்டம் ஐந்து முறை, 5 நிமிட ஓட்டம் நான்கு முறை, 8 நிமிட ஓட்டம் மூன்று முறை என ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். இடையிடையே 2 நிமிடம் நடை. 11ஆம் வாரம் 12 நிமிடமாக இரண்டு முறை. 12ஆம் வாரம்தான் நிற்காமல் 20 நிமிடம். பிறகு 25, 30. எப்போதும் முன்னும் பின்னும் 5 நிமிட நடை உண்டு.

செவ்வாய், வியாழன், சனி என்று இடைவெளி விட்டே ஓட வேண்டும். விட்டுப்போன நாளை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடி ஈடுகட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. ஜனவரி மாரத்தானுக்கு நவம்பரில் ஆபீஸ் நண்பர்களோடு பெயர் கொடுப்பது அதற்கு அடுத்தது.

ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பூங்காவில் நடப்பவர்கள் முந்திப் போனால் போகட்டும்.

வலியில் வித்தியாசம் தெரிய வேண்டும். தொடையும் கெண்டைக்காலும் இரண்டு நாள் பிடித்துக்கொள்வது இயல்பு. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்விளிம்பில் நீளவாக்கில் வலித்தால், முந்தைய படிக்கு இறங்கி வலி அடங்கும்வரை அங்கேயே இருங்கள். ஒரு விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, நடக்கும்போதும் இரவிலும் தொடர்ந்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. 'எக்ஸ்ரே நார்மல்' என்று மறுபடி ஓடக் கிளம்பிவிடக் கூடாது.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மெரினா மணல் கெண்டைக்காலையும் குதிகால் நாணையும் இழுக்கும். புதியவர்களுக்கு இறுகிய மண் மைதானமே போதும். சென்னை போன்ற கடலோர ஊரில் விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆறாது, உடல் சூடு தணியாது. ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குபவர்கள் முதல் இரண்டு வாரம் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். தலை சுற்றினாலோ குளிர் எடுத்தாலோ உடனே நிழலுக்குப் போக வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், படியேறினாலே மூச்சுத்திணறல் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்பே பேசிவிட்டு, பையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாதம் மரத்திருந்தால் ஓட்டத்துக்குப் பிறகு கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், வலி சொல்லாது.

ஒரு வாரம் விட்டுப்போனால் கடைசியாக முடித்த வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் இரண்டு படி கீழே. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் மறுபடி 1 நிமிடத்திலிருந்து. டெங்கு, சிக்குன்குனியா வந்து எழுந்தவர்கள் காய்ச்சல் விட்ட அன்றே ஷூவைத் தேட வேண்டாம். 30 நிமிட நடை களைப்பில்லாமல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.