சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? பதிலைத் திறந்து பாருங்கள்

ஒரு பல் மருத்துவமனையின் வேர்ட்பிரஸ் தளம் பழுது பார்க்க என்னிடம் வந்தது. முன்பதிவுப் படிவத்தில் 'அனுப்பு' என்பதை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நோயாளிகள் பலர் புகார் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் தம் கணினியில் முயன்றால் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகப் போனது. அதற்குள் தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களில் மூன்றை நீக்கி, தளத்தின் தோற்றத்தைத் தரும் 'தீம்' வடிவமைப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு நாள் ஓடும். மறுநாள் பழைய கதை.

மறைநிலைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, உலாவிக்கும் சர்வருக்கும் இடையே போய்வருவதைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடி படிவத்தை அனுப்பினேன். படிவத்தை சர்வரில் வாங்கிக்கொள்ளும் அட்மின்-ஏஜாக்ஸ் கோப்புக்குப் போன கோரிக்கை சிவப்பாக நின்றது. நிலைக்குறியீடு 403, அதாவது 'அனுமதி இல்லை'. சர்வர் அனுப்பிய பதிலில் இருந்தது '-1' மட்டுமே.

அந்த -1 போதும். கோரிக்கை இந்தத் தளத்தின் பக்கத்திலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் 'நான்ஸ்' என்னும் பாதுகாப்புக் குறி காலாவதியாகிவிட்டது. அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். தளம் வேகமாகத் திறக்கப் பக்கத்தின் நகலை வைத்துக் கொடுக்கும் கேஷ் செருகுநிரலோ அதை ஒரு வாரம் சேமித்து வைத்து, பழைய குறியையே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. உள்நுழைந்திருந்த மருத்துவருக்குப் புதிய பக்கம் போனது. எதை மாற்றினாலும் கூடவே கேஷும் அழிந்ததால்தான் அந்த ஒரு நாள் நிம்மதி. கேஷின் ஆயுளை 10 மணி நேரமாகக் குறைத்தேன், தீர்ந்தது. சிலர் நான்ஸைச் சரிபார்க்கும் வரியையே நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றும் வேலை அது.

400 வந்து பதிலில் '0' இருந்தால், கோரிக்கையை ஏற்க ஆளில்லை என்று பொருள். உள்நுழையாதவர்களின் கோரிக்கையை உரிய நிரலோடு இணைக்கும் 'நோபிரிவ்' கொக்கியை எழுத மறந்திருப்பார்கள். 500 என்றால் பெரும்பாலும் பிஹெச்பி பிழை, அதாவது வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியில் ஏற்பட்ட பிழை. பிழைப்பதிவை இயக்கிப் படியுங்கள். 200 வந்தும் படிவம் நின்றால், பதிலின் தரவு வடிவமான ஜேசானுக்கு முன்னால் ஏதாவது எச்சரிக்கை வரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

செருகுநிரல் எழுதியவருக்குப் புகார் அனுப்பும்போது குறியீடு, பதில், உள்நுழைந்திருந்தீர்களா என்ற விவரம், இந்த மூன்றையும் சேருங்கள். குக்கீயையும் கடவுச்சொல்லையும் அனுப்பவே வேண்டாம்.

என்னை உறுத்தியது வேறு. சரிபார்ப்பிலேயே திருப்பப்பட்ட அந்த முன்பதிவுகள் எங்கும் பதிவாகவில்லை. பல்வலியோடு காத்திருந்தவர்களிடம் 'போகவில்லை' என்று சொல்லக்கூட நிரலில் ஒரு வரி இல்லை. கோரிக்கை தோற்றால் சக்கரம் நின்று, மருத்துவமனையின் தொலைபேசி எண் தெரியும்படி அன்று மாலையே எழுதிச் சேர்த்தேன்.