தனியாகச் சென்னைக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு முன் பார்க்க வேண்டியது

வாடகைத் தகராறு என்று என்னிடம் வருகிறவர்களில் வெளியூரிலிருந்து தனியாக வந்து குடியேறியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்கள், பாதியில் காலி செய்தால் அபராதம் கேட்கிறார்கள் என்று பேச்சு தொடங்கும். வழக்கறிஞராக நான் ஒப்பந்தத்தைத்தான் முதலில் வாங்கிப் படிக்கிறேன். ஆனால் துருவிக் கேட்டால் சிக்கல் அந்தக் காகிதத்துக்கு வெகு முன்பே தொடங்கியிருக்கும். ஊர் பிடிபடாத நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், புரோக்கர் காட்டிய இரண்டு மூன்று வீடுகளில் ஒன்றுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். வீடு நன்றாகத்தான் இருந்திருக்கும். வட்டாரம் அவர்களுக்கு ஒத்துவந்திருக்காது.

குடும்பத்தோடு வருகிறவருக்கு வீட்டுக்குள்ளேயே துணை உண்டு. தனியாக வருகிறவருக்கு அந்தத் துணை தெருவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். இரவு நேரம் கழித்து வந்தால் கேட்டைத் திறந்துவிடுகிறவர், இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லையே என்று யோசிக்கிறவர், ஆள் இல்லாத நேரத்தில் வந்த சிலிண்டரை வாங்கி வைக்கிறவர். இப்படி நான்கு பேர் கிடைக்கக்கூடிய இடமா என்று பார்க்காமல், சதுர அடியையும் வாடகையையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பிறகு என் மேசைக்கு வந்து சேரும் பல வழக்குகளின் வேர்.

ஆகவே நான் முதலில் சொல்வது, வந்த வாரத்திலேயே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் ஒரு மாதத்தை விடுதியிலோ பேயிங் கெஸ்ட் வீட்டிலோ கழியுங்கள். செலவு சற்றுக் கூடலாம், சாப்பாடு பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் அலுவலகம் எத்தனை மணிக்கு உண்மையில் முடிகிறது, எந்த வழியில் நெரிசல், எந்த ரயிலில் நிற்க இடம் கிடைக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் தெரியும். பெண்கள் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பதிவும் உரிமமும் இல்லாமல் அவற்றை நடத்தக் கூடாது. சான்றிதழைக் காட்டுங்கள் என்றதும் முகம் சுளிக்கிற இடத்தில் தங்க வேண்டாம். அரசே நடத்தும் 'தோழி' விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

பேருந்து நிலையங்கள் இடம் மாறியதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில், நகரத்துக்குத் தெற்கே வண்டலூர் அருகே, கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, மதுரை, நெல்லை, திருச்சிப் பக்கத்திலிருந்து வருகிற பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. மாதம் இருமுறை ஊருக்குப் போய் வருகிறவர், முன்பு அந்த பஸ்கள் வந்து நின்ற கோயம்பேட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அரும்பாக்கத்திலோ வடபழனியிலோ வீடு பார்த்தால், திங்கட்கிழமை விடியற்காலையில் பெட்டியோடு நகரத்தின் பாதியைக் கடக்க வேண்டியிருக்கும். அவருக்குத் தாம்பரமும் குரோம்பேட்டையும் தோது. வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவரின் கணக்கு வேறு.

ஒரு வட்டாரத்தை எடைபோட நான் சொல்லும் முக்கியமான வழி ஒன்று உண்டு. வேலை முடிந்து நீங்கள் வழக்கமாகத் திரும்பக்கூடிய நேரத்தில், அந்த அலுவலகத்திலிருந்து அந்த வீட்டு வாசல்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் பார்த்த தெரு இரவு பத்து மணிக்கு வேறு தெருவாக இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சுரங்கப்பாதை இருக்கிறதா, மதுக்கடை இருக்கிறதா, சுற்றுச்சுவர் மட்டுமே இருபுறமும் நீளும் காலி மனைகள் இருக்கின்றனவா என்பதை விளம்பரம் சொல்லாது. பறக்கும் ரயில் நிலையங்கள் சிலவற்றில் கட்டடம் மிகப் பெரியது, நடமாட்டம் மிகக் குறைவு. நடைமேடையில் பயம் இருக்காது, படிக்கட்டில் இருக்கும். தெருவிளக்கு எரிகிறதா என்பதைவிட, எந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று கவனியுங்கள். இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடையும், இஸ்திரி வண்டியும், டிபன் கடையும் தெருமுனையில் இருந்தால் அந்தத் தெரு வாழும் தெரு. பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்பும் பெற்றோர்கள் கேமரா இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நடக்கும்போது எட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

மெட்ரோ ரயில் இரவு பதினொரு மணி வாக்கில் நின்றுவிடும். அதன் பிறகு உங்கள் வழி என்ன என்பதற்குப் பதில் இருக்கட்டும். இரவுப் பணி இருந்தால் நிறுவன வண்டி வீட்டு வாசலில் இறக்கிவிடுமா, பிரதான சாலையோடு திரும்பிவிடுமா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வண்டி நுழைய முடியாத சந்தில் வீடு எடுத்துவிட்டு, நள்ளிரவு ஒன்றரை மணிக்குத் தினமும் தெருமுனையில் இறங்கி நடந்த ஒரு பெண்ணின் வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். அவர் வெளியேற விரும்பியதற்கு அந்த நடை ஒன்றுதான் காரணம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை.

பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை கிடைத்தவர்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று தேடுகிறார்கள். பயண நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் அங்கே பல இடங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவே வளர்ந்தவை. மளிகைக்கும் மருத்துவருக்கும் வண்டி இல்லாமல் போக முடியாது. பழகிய அக்கம்பக்கம் உருவாக ஆண்டுகள் ஆகும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளும் அந்தச் சாலையில் நடக்கின்றன. அதே வேலைக்குத் திருவான்மியூரிலோ வேளச்சேரியிலோ இருந்து போய் வரலாம். வாடகை கூடும் அல்லது வீடு சிறியதாகும். தனி ஆளுக்குப் பெரிய வீடு எதற்கு என்பதுதான் என் கேள்வி. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வருகிறவர்களுக்குக் கொரட்டூர், வில்லிவாக்கம் போன்ற ரயில் பாதையோரப் பகுதிகள் இருக்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், நிறுவன பஸ் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொண்டு அந்தப் பாதையிலேயே வீடு தேடுவது நல்லது.

தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது, இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்ற பதில்தான் வரும். எந்தத் தண்ணீர், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரிய இணைப்பா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? அடிபம்பில் காலை ஐந்து மணிக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிடுகிற தண்ணீர், நான்கு பேர் இருக்கும் வீட்டுக்குப் பரவாயில்லை. இரவுப் பணி முடிந்து தூங்குகிற தனி ஆள் என்ன செய்வார்? 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது, லாரியை நம்பிய குடியிருப்புகளில் பராமரிப்புக் கட்டணம் ஏறியது. அந்தக் கூடுதல் செலவு யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாததால் வந்த தகராறுகள் ஏராளம்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையோரம் முடிச்சூர்வரை வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பல பகுதிகளின் மழைநீரைத் தாங்கிக் கடலுக்கு அனுப்பும் இடம். அது சுருங்கிவிட்டதால் சுற்றியுள்ள தெருக்களில் நீர் ஏறுகிறது. வேளச்சேரி முழுவதும் மூழ்கும் என்று எண்ண வேண்டாம். ஒரே பகுதியில் ஒரு தெரு மேடு, அடுத்த தெரு பள்ளம். வீட்டுக்காரரிடமோ புரோக்கரிடமோ கேட்டு இது தெரியாது. தெருவில் பல ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவரிடம், "2015இல் தண்ணீர் எதுவரை வந்தது? 2023இல் எத்தனை நாள் கரண்ட் இல்லை?" என்று கேளுங்கள். மனிதர் ஒளிக்காமல் சொல்லுவார், கை வைத்து உயரத்தைக் காட்டுவார். மின்சாரம் போய், போன் அணைந்து, லிஃப்ட் நின்று, தரைத்தளம் நீரில் இருக்கும்போது, மேல்மாடியில் ஒருவர் தனியாக இருப்பது யாருக்கும் தெரியாமல் போகக்கூடாது. தாழ்வான பகுதியில்தான் வீடு அமைகிறது என்றால் தரைத்தளத்தைத் தவிருங்கள், எதிர்வீட்டாரிடம் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

இனி மனிதர்கள். "பேச்சிலருக்குக் கிடையாது", "ஃபேமிலிக்கு மட்டும்", "சைவம் மட்டும்" என்ற பலகைகளை நீங்கள் பார்ப்பீர்கள். பலகையில் எழுதாமல் போனில் ஊரையும் பெயரையும் கேட்டு, சாதியையும் மதத்தையும் ஊகித்து, வீடு முடிந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. இது அநியாயம். அதை எதிர்கொள்கிற இளைஞர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, வெட்கம் அப்படிச் செய்கிறவர்களுக்கு உரியது. நடைமுறையில் நான் சொல்வது, உணவையோ நண்பர்கள் வருவதையோ மறைத்து வாடகைக்கு வீடு எடுக்காதீர்கள். மறைத்து எடுத்த வீட்டில் ஒவ்வொரு நாளும் அஞ்சி வாழ வேண்டியிருக்கும். ஒரு தெருவில் நான்கு வீட்டில் இதே கேள்வி வந்தால், ஐந்தாவது வீடு கிடைத்தாலும் அந்தத் தெரு உங்களை வரவேற்கப்போவதில்லை. வெவ்வேறு ஊர்க்காரர்கள் கலந்து வாழும் பகுதிகள் இந்த நகரத்தில் நிறைய இருக்கின்றன. அங்கே தேடுங்கள்.

தெரு பிடித்துவிட்டது, வீடும் பிடித்துவிட்டது என்ற பிறகு காகிதம். நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்பது பழகிப்போன மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். ஆதார் நகல் கேட்டால், எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுத்து, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தேதியோடு அதன் மேலேயே எழுதுங்கள்.

வாடகைக்கென்று தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். பதினொரு மாதம் என்று போட்டுவிட்டால் எதுவும் தேவையில்லை என்ற பழைய பேச்சு இப்போது செல்லாது. வேறு விதமாக நீங்களே ஒத்துக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பத்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், ஆகவே பேரம் அதற்கு முன்பே நடக்கட்டும். தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. மாற்றுச் சாவி அவரிடம் இருந்தாலும், வீட்டைப் பார்க்க வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அறிவிக்காமல் நுழைவதைப் பெரிய விஷயமாக நினைக்காத வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் பார்த்தும் தவறான இடத்தில் சிக்கலாம். அதனால் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி, வெளியேறுவதைப் பற்றியது. பதினொரு மாதம் முடியும்வரை காலி செய்யக் கூடாது, செய்தால் மீதி வாடகையைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஒரு மாத முன்னறிவிப்பு போதும் என்று எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டை விட்டுவிடலாம். சாவி வாங்கும் நாளிலேயே சுவர், குழாய், மின்மீட்டர் அளவு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போதும் அப்படியே செய்யுங்கள். அட்வான்ஸை எப்போதும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியை அவர் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த ஆண்களுக்கும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.