சதையைச் சுடாத பிளாஸ்மா

"பிளாஸ்மா என்றால் சூரியன், மின்னல், வெல்டிங் பொறி. அதை ஆறாத புண்ணில் காட்டுகிறார்களாமே, சதை வெந்துபோகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான பயம்.

வலுவான மின்புலத்தில் வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுகொள்ளும். அயனிகளும் எலக்ட்ரான்களும் சேர்ந்த அந்தக் கலவைதான் பிளாஸ்மா, பள்ளியில் படித்ததுதான். சூரியனின் உள்ளே எல்லாத் துகள்களுக்கும் ஒரே வெப்பநிலை. மருத்துவர் கையிலிருக்கும் பிளாஸ்மாவிலோ எலக்ட்ரான்கள் 10,000 டிகிரிக்கும் மேல். அவை நீந்தும் வாயு புண்ணைத் தொடும்போது சுமார் 40 டிகிரிதான். ஒரே குழாய்க்குள், ஒரே நேரத்தில்! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆர்கான் வாயு மெல்லிய குழாய் வழியே ஓடுகிறது. உள்ளே இருக்கும் மின்முனைக்கு உயர் மின்னழுத்தம் தருகிறார்கள். மின்புலம் எல்லா மின்னூட்டத் துகள்களையும் இழுத்தாலும், சட்டென்று வேகமெடுப்பது எடை குறைந்த எலக்ட்ரான்தான். அது ஓடிப்போய் தன்னைவிடச் சுமார் 73,000 மடங்கு கனமான ஆர்கான் அணுவின் மேல் மோதுகிறது. கிரிக்கெட் பந்தைப் பேருந்தின் மேல் எறிந்த கதைதான். எடை விகிதம்கூடக் கிட்டத்தட்ட அதேதான். பந்து தெறித்துத் திரும்பும், பேருந்து அசையாது. இப்படிப்பட்ட ஒரு மோதலில் எலக்ட்ரான் தன் ஆற்றலில் சராசரியாக முப்பதாயிரத்தில் ஒரு பங்கைக்கூட இழப்பதில்லை. சரி, மோதல்கள் கோடிக்கணக்கில் நடந்தால்? விட்டுவைத்தால் வாயுவும் கொதித்துவிடும்தான். அதனால்தான் மின்திறனைச் சில வாட்களுக்குள் அடக்கி, வாயுவை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வேகமான எலக்ட்ரான்கள் அணுக்களைக் கிளர்த்திவிட, அவை வெளிக்காற்றோடு கலந்து ஹைட்ராக்சில், நைட்ரிக் ஆக்சைடு, ஓசோன் போன்றவற்றை உண்டாக்கும். இவை கிருமியின் சவ்வையும் புரதங்களையும் ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதால், ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கப் பழகிய கிருமிகளும் மடிகின்றன. நம் வெள்ளையணுக்களும் இதே வகை மூலக்கூறுகளை வைத்துத்தான் கிருமிகளைக் கொல்கின்றன. அளவு மீறாதவரை நம் செல்கள் தாங்கிக்கொள்ளும்.

ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் விண்வெளி இயற்பியல் நிறுவனத்தின் கிரிகோர் மார்ஃபில் குழு, தூசு கலந்த பிளாஸ்மாவை எடையற்ற நிலையில் ஆராய 2001இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சோதனை நடத்தியது. அதே குழு மருத்துவர்களோடு சேர்ந்து, நாள்பட்ட புண் உள்ள 36 பேருக்குத் தினமும் 5 நிமிடம் ஆர்கான் பிளாஸ்மா காட்டியது. பிளாஸ்மா காட்டாத இடத்தைவிட, காட்டிய இடத்தில் கிருமிகள் 34 சதவீதம் கூடுதலாகக் குறைந்ததாக 2010இல் முடிவு வெளியானது. விண்வெளியில் தூசியை ஆராய்வதற்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த ஆய்வுதான். அடிப்படை ஆராய்ச்சிக்குத் தரும் நிதியை, உடனடிப் பயன் இல்லை என்று வெட்டுவது பெரிய தவறு.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உருவான 'கின்பென் மெட்' என்ற பிளாஸ்மா கருவிக்கு 2013இல் ஐரோப்பாவில் மருத்துவச் சான்று கிடைத்தது. 2020இல் வெளியான இன்னொரு ஜெர்மன் சோதனை சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைப் பற்றியது. போலி சிகிச்சை பெற்றவர்களைவிட, பிளாஸ்மா பெற்றவர்களின் புண்கள் வேகமாகச் சுருங்கின; ஆனால் கிருமித் தொற்றில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் கிருமியைக் கொல்வது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. செல்களையே வளரத் தூண்டும் வேலையும் நடக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. அழகு நிலையங்களில் மருவை எடுக்கும் 'பிளாஸ்மா பேனா' இதுவல்ல. அது தோலைப் புள்ளி புள்ளியாகச் சுட்டே வேலை செய்கிறது. அதைப் புண்ணின் அருகில் கொண்டுபோக வேண்டாம்.