பிட்சிங் ஸ்டான்ஸ்: தமிழில் வீச்சு நிலை

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஸ்டான்ஸ் என்றால் மட்டையாளர் நிற்கும் விதம்தான். பந்து வீசுகிறவர் ஓடி வருகிறார், அவருக்கேது ஸ்டான்ஸ்? பேஸ்பாலிலிருந்து பிறந்த சாஃப்ட்பாலில் கதை வேறு. அங்கே ஓடி வந்து வீச முடியாது. 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள பலகை ஒன்றில் கால் பதித்து நின்று, ஒரே ஓர் எட்டு முன்வைத்து, கையைத் தாழ்த்திச் சுழற்றி வீச வேண்டும். வீசுமுன் நிற்கும் அந்த நிலைதான் பிட்சிங் ஸ்டான்ஸ்.

‘நிற்பது’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது ஸ்டான்ஸ். பிட்ச் என்பது இடைக்கால ஆங்கிலத்தில் குத்தி நிறுத்துவது, ஊன்றுவது. கூடாரம் அடிப்பதற்கு இன்றும் அதே சொல்தான். ஸ்டம்பு ஊன்றிய இடம் கிரிக்கெட்டில் பிட்ச் ஆனது. பேஸ்பாலிலோ எறிவதே பிட்ச். 1887இல் சிகாகோவில் கூரைக்கடியில் ஆடும் பேஸ்பாலாகப் பிறந்த சாஃப்ட்பால் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டது.

தமிழில் ‘எறிநிலை’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் கல்லைத் தலைக்கு மேலிருந்து விடுவது எறிதல். கையை ஆட்டி விடுவது வீசுதல். கை வீசி நடக்கிறோம், எறிந்து நடப்பதில்லை. ஆகவே இந்த ஆட்டத்துக்கு வீச்சுதான் பொருத்தம். ‘நிலை’யும் புதிதாகக் கட்டியதல்ல. வில் எய்பவர் நிற்கும் விதங்களை நம் முன்னோர் வில்லோர் நிலை என்றே அழைத்து, ஆலீடம், பைசாசம் என நான்காக வகுத்தார்கள்.

சரி, எப்படி நிற்பது? தளம் என்பது மட்டையாளர் ஓடித் தொட வேண்டிய பேஸ். தோள்கள் முதல் தளத்தையும் மூன்றாம் தளத்தையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஊன்றுகால், அதாவது பிவட் ஃபுட், பலகையைத் தொட்டே ஆக வேண்டும். மற்றக் காலும் தொட வேண்டும் என்பது சில விதிநூல்களில். பின்னால் இருந்தாலும் போதும் என்பது வேறு சிலவற்றில். பலகையில் ஏறும்போது கைகள் பிரிந்திருக்கும். மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரின் சைகையைப் பார்த்த பிறகுதான் இரு கையும் சேரும். சேர்த்த கைகளோடு அசையாமல் நிற்க அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் குறைந்தது 1 நொடி, கூடினால் 10 நொடி. புதிதாக வீசுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கை சேர்ந்ததுமே அவசரத்தில் சுழற்றிவிடுவார்கள்.

நடுவர் உடனே விதிமீறிய வீச்சு என்பார். கிரிக்கெட் பழக்கத்தில் அதை நோ-பால் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. ஓட்டம் எதுவும் கிடைக்காது. மட்டையாளர் கணக்கில் ஒரு ‘பால்’, அதாவது தவறிய வீச்சு, ஏறும். எந்த வகையிலாவது நான்கு ‘பால்’ சேர்ந்தால் அவர் முதல் தளத்துக்கு நடந்தே போகலாம்.