ஸ்கேன் நார்மல்னா உடனே கோல் போஸ்ட்டுக்கு அனுப்பிடுவீங்களா?

நான் ஒரு பிசியோ. தலையில அடிபட்ட புள்ளையை ஸ்கேன் நார்மல்னு சொல்லி திரும்ப ஆட அனுப்பப் பாக்குறாங்க, இந்த மாசத்துல இது மூணாவது கேஸ், அதனாலதான் எழுதுறேன், இல்லன்னா உக்காந்து டைப் பண்ற பொறுமையெல்லாம் எனக்குக் கிடையாது.

ஒம்பதாவது படிக்கிற பொண்ணு, ஸ்கூல் ஃபுட்பால் டீம் கோல்கீப்பர். கழுத்து வலின்னு அப்பா கூட்டிட்டு வந்தார். ரூமுக்குள்ள வந்ததும் அவ செஞ்ச முதல் வேலை, டியூப்லைட்டுக்கு முதுகு காட்டுற மாதிரி சேரைத் திருப்பிப் போட்டு உக்காந்ததுதான். வெளிச்சம் ஆகல, தலையில அடிபட்டிருக்கும்னு எனக்கு அப்பவே பாதி புரிஞ்சிடுச்சு. விசாரிச்சா, பன்னண்டு நாள் முன்னாடி தரையோட வந்த பந்தைப் புடிக்கக் குனிஞ்சப்போ எதிர் டீம் பொண்ணோட முழங்கால் காதுக்கு மேல இடிச்சிருக்கு. எந்திரிச்சு மூஞ்சில தண்ணி அடிச்சிட்டு மிச்ச மேட்சையும் ஆடி முடிச்சிருக்கா. ராத்திரி வாந்தி. மறுநாள் சிடி ஸ்கேன். அப்பா அந்தப் பெரிய கவரை மடியில வெச்சுக்கிட்டு, "ஸ்கேன் நார்மல் மேடம், கழுத்தை மட்டும் சரி பண்ணி விடுங்க, வர்ற வாரம் ஜோனல் மேட்ச் இருக்கு"ன்னார்.

கவனம் நிக்குதான்னு பாக்க, மாசத்தை டிசம்பர்ல இருந்து பின்னாடியே சொல்லும்மான்னேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர்... அவ்வளவுதான், நின்னுட்டா. அப்பா மூஞ்சியைப் பாத்தா, கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. கிளாஸ்ல முதல் மூணு ரேங்க்குக்குள்ள வர்ற பொண்ணு.

அந்த அப்பாகிட்ட நான் சொன்ன கதையைத்தான் இங்கயும் சொல்லப் போறேன். பிரியானா ஸ்கரின்னு ஒரு அமெரிக்க கோல்கீப்பர். பன்னண்டு வயசுல பசங்க டீம்ல சேந்தப்போ, பொம்பளப் புள்ளைக்கு அடிபடாத இடம்னு கோச் அவங்களை கோல் போஸ்ட்ல நிக்க வெச்சார். அடிபடாத இடமாம்! எதிர்ல வர்றவன் கால் இருக்கிற உயரத்துல தலையைக் கொண்டு போய்க் கொடுக்கிற ஒரே ஆள் கோல்கீப்பர்தான், சரி விடுங்க. 1994-ல இருந்து 2008 வரைக்கும் அமெரிக்காவுக்கு 170-க்கும் மேல மேட்ச், 1996 அட்லாண்டாலயும் 2004 ஏதென்ஸ்லயும் ஒலிம்பிக் தங்கம். 1999 வேர்ல்ட் கப் பைனல், பாசடீனா ரோஸ் பௌல் ஸ்டேடியம், 90,000-க்கும் மேல கூட்டம், சீனாவோட கோலே இல்லாம பெனால்டி வரைக்கும் போச்சு. லியூ யிங் அடிச்ச மூணாவது கிக்கை இவங்க பாஞ்சு தட்டினாங்க, கப் அமெரிக்காவுக்கு. (அவங்க லைனை விட்டு முன்னாடி வந்துட்டாங்கன்னு இன்னிக்கும் சண்டை போடுறவங்க இருக்காங்க. வந்தாங்கதான். ரெஃப்ரி விசில் அடிக்கலையே.)

இப்ப விஷயத்துக்கு வரேன். 2010 ஏப்ரல் 25, வாஷிங்டன் ஃப்ரீடம் டீமுக்கு ஆடுறாங்க, எதிர்ல பிலடெல்பியா. தாழ்வா வந்த பந்தைக் குனிஞ்சு எடுக்கும்போது ஓடி வந்த ஒரு பிளேயரோட முழங்கால் வலது நெத்திப்பொட்டுல இடிச்சுது. மயங்கி விழல. ஆடிட்டே இருந்தாங்க, பந்து மங்கலா தெரியுது, ஜெர்சி நம்பர் தெரியல, அப்படியும் ஹாஃப் டைம் வரைக்கும் ஆடினாங்க. அன்னிக்கு கிரவுண்டை விட்டு வெளிய வந்தவங்கதான், திரும்ப ஆடவே இல்ல. விடாத தலைவலி, வெளிச்சம் ஆகாது, பேலன்ஸ் இல்ல, எதையும் மனசுல நிறுத்த முடியல, போகப் போக டிப்ரஷன். வேலைக்குப் போக முடியாம, இன்சூரன்ஸோட இழுபறி பண்ணி, கடைசில ரெண்டு ஒலிம்பிக் தங்க மெடலையும் அடகு வெச்சாங்க. உயிரை விட்டுடலாமான்னு நினைக்கிற அளவுக்குப் போயிருக்காங்க. 2013 அக்டோபர்லதான், பின்னந்தலையில போற ஆக்ஸிபிடல் நரம்பு அடிபட்டிருக்குன்னு ஆபரேஷன் பண்ணாங்க, அந்த மூணு வருஷத் தலைவலி அதுக்கப்புறம்தான் விட்டுது. மூளைக்கான பயிற்சி அதுக்கு மேலயும் நடந்துச்சு. உலகத்தோட பெரிய லீக்ல ஆடின ஆளுக்கே இந்த கதி, நம்ம ஸ்கூல் கிரவுண்டுல ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல ஒரு டிங்சர் பாட்டிலும் காலாவதியான ஸ்ப்ரேயும்தான இருக்கு?

சரி, ஸ்கேன். தயவு செஞ்சு இதை மட்டும் நிதானமா படிங்க. சிடி எடுத்தது தப்பே இல்ல, வாந்தி வந்தா டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். ஆனா அது எதுக்கு? உள்ள ரத்தம் கசியுதா, மண்டை ஓடு விரிசல் விட்டிருக்கான்னு பாக்க. கன்கஷன், அதாவது தலையில இடிபட்டு மூளை குலுங்கிப் போறது, அதுல தெரியாதுங்க. வீட்ல கரண்ட் விட்டு விட்டு வருதுன்னு வெச்சுக்கோங்க, நீங்க சுவத்தை போட்டோ எடுத்துட்டு வந்து "பாருங்க, விரிசலே இல்ல"ன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட நீட்டினா அவர் என்ன சொல்வார்? விரிசல் இல்ல, சந்தோஷம், ஆனா லைட்டு ஏன் மினுக்குது? அதேதான். கன்கஷன்ல கெட்டுப் போறது மூளை வேலை செய்யற விதம். நார்மல் ஸ்கேன்னா உயிருக்கு உடனடி ஆபத்து இல்லன்னு அர்த்தம், விளையாட சர்டிபிகேட்னு அர்த்தம் இல்ல. எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கவரைத்தான் தூக்கிக் காட்டுறாங்க. கவர் விளையாடப் போறதில்ல, புள்ளைதான் விளையாடப் போகுது.

அடுத்து, "மயக்கமே போடலையே". பத்துல ஒம்பது கன்கஷன்ல மயக்கம் வராது. ஸ்கரிக்கும் வரல.

"ஹெல்மெட் வாங்கிக் குடுத்துடறேன்"ன்னும் ஒருத்தர் கேட்டார், கோல்கீப்பர் பீட்டர் செக் போட்டிருந்த மாதிரி. 2006-ல செக்குக்கு மண்டை ஓடே உடஞ்சதால போட்டது அது. மண்டை ஓட்டைக் காப்பாத்தும். உள்ள மூளை குலுங்கறதை எந்தத் தொப்பியும் நிறுத்தாது.

நான் பிசியோதான், நியூரோ டாக்டர் இல்ல, மருந்து பத்தி எங்கிட்ட கேக்காதீங்க. ஆனா இதைச் செய்ய டாக்டர் வேண்டாம், கண்ணு இருந்தா போதும். தலையில இடி வாங்கின புள்ளை தடுமாறுதா, வெறிச்சுப் பாக்குதா, ஸ்கோர் என்னன்னு கேட்டா யோசிக்குதா, உடனே வெளிய எடுங்க. சந்தேகம் இருந்தாலே எடுங்க. அன்னிக்கு திரும்ப இறக்கவே கூடாது, பைனலா இருந்தாலும் சரி. பி.டி. சாருங்களே, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா "ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு வா"ன்னு சொல்றதை நிறுத்துங்க. முதல் அடி ஆறாம ரெண்டாவது அடி விழுந்தா, அதுவும் சின்னப் புள்ளைங்களுக்கு, மூளை வீங்கி உயிரே போயிருக்கு. அபூர்வம்தான். அந்த அபூர்வம் நம்ம வீட்ல நடக்கணுமா?

திரும்பத் திரும்ப வாந்தி, ஃபிட்ஸ், ஏறிக்கிட்டே போற தலைவலி, கை கால் மரத்துப் போறது, எழுப்பினா சரியா முழிக்காம இருக்கிறது, கழுத்தெலும்புல வலி: இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா எமர்ஜென்சி. ஃபிட்ஸுக்கு கையில சாவியைத் திணிச்சுட்டு நிக்காதீங்க.

டாக்டர் பாத்து அனுப்பினதுக்கு அப்புறம் தூங்க விடுங்க, ராத்திரி முழுக்க உக்காத்தி வெச்சுக் கொடுமை பண்ண வேண்டாம். முதல் ஒண்ணு ரெண்டு நாள் ரெஸ்ட், செல்போன் கம்மி. அதுக்காக மாசக்கணக்குல இருட்டு ரூம்ல பூட்டியும் வெக்காதீங்க, மெதுவா நடக்கலாம். முதல்ல ஸ்கூல், அப்புறம் லேசா ஓட்டம், அப்புறம் இடி படாத பயிற்சி, டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் முழு பயிற்சி, கடைசியா மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது ஒரு நாள், தலைவலி கூடினா ஒரு படி கீழ. அப்புறம் அம்மா அப்பாக்களே, புள்ளைங்க சொல்ல மாட்டாங்க, டீம்ல இடம் போயிடும்னு பயம், நீங்களாதான் கேக்கணும், திட்டாம கேளுங்க ப்ளீஸ்.

அந்தப் பொண்ணு நேத்து வந்தா. சேரைத் திருப்பிப் போடல. டிசம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் வந்துட்டா, நடுவுல ஜூலையை மட்டும் விட்டுட்டு. அப்பா இந்தத் தடவை கவர் கொண்டு வரல, ஜோனல் மேட்ச் பத்தியும் கேக்கல. அவதான் போகும்போது கதவுகிட்ட நின்னு கேட்டா, "கிளவுஸ் மட்டும் போட்டுப் பாக்கலாமா மேடம்?"

போட்டுக்கோ, பந்து கிடையாதுன்னேன்.