பணம் கட்டும் முன் பத்து வரி எழுதிப் பாருங்கள்

ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை கோடிங் கோர்ஸில் சேர்ப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். பணத்தைக் கட்டி, ஆறு மாதம் ஓடி, அதற்கப்புறம் "இப்ப என்ன பண்றதுங்க தம்பி?" என்று கேட்டால் நான் என்னதான் சொல்வது?

கடைசியாக வந்தவர் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற விவசாயி. மகன் பி.எஸ்சி. முடித்தவன். பெங்களூருவில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் எழுதும்) கோர்ஸ், 85,000 ரூபாய், "வேலைக்கு கேரண்டிங்களாம்". கையில் அவ்வளவு இல்லை என்றதும் அங்கேயே உட்காரவைத்து, ஆதாரையும் பான் கார்டையும் வாங்கி, இஎம்ஐ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கோர்ஸ் முடிந்தது. பையன் லேமினேட் செய்த சர்டிபிகேட்டோடு ஓசூருக்கு என்னைப் பார்க்க வந்தான்.

ஆபீஸில் ஃபிரெஷர்களை இன்டர்வியூ எடுப்பவன் நான். அந்தப் பழக்கத்தில் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். ஒரு கிரேட் (பெட்டி) தக்காளியின் விலையைக் கேட்டு வாங்கி, மூன்று கிரேட்டுக்கு எவ்வளவு என்று காட்டும் புரோகிராம், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில். எழுதினான். விலை 300 என்று கொடுத்தோம். திரையில் வந்த விடை 300300300.

"கோர்ஸ் வீடியோவுல கரெக்டா வந்துச்சுண்ணா" என்றான்.

வரும்தான். பைத்தானில் இன்புட் என்ற கட்டளை வழியாக வாங்குவது எதுவும் எழுத்தாகத்தான் உள்ளே வரும். அதை எண்ணாக மாற்றாமல் மூன்றால் பெருக்கினால், அதையே மூன்று முறை ஒட்டிக் கொடுத்துவிடும். முதல் வாரத்தில் எல்லோரும் விழுகிற குழி இது, விழுந்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆறு மாதம் கோர்ஸ் படித்தவன் என் முன்னால்தான் முதல்முறையாக இதில் விழுகிறான் என்பதுதான் வயிற்றெரிச்சல். அப்படியானால் இத்தனை நாளும் சொந்தமாக ஒரு புரோகிராம்கூட எழுதவில்லை.

கோர்ஸில் சேர்ந்தால் கோடிங் வந்துவிடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? அம்மா களி கிளறுவதை ஆயுசு முழுக்கப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். துடுப்பை நாம் பிடிக்கும் அன்றைக்குத்தான் கட்டி தட்டும். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, உண்மைதான், அது சொல்லிக் கொடுப்பவரின் திறமை. வீடியோவை மூடிவிட்டு, வெற்றுப் பக்கத்தில் அதே பத்து வரியை எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியில் கை நிற்கும். அந்த நின்ற இடத்தில்தான் படிப்பே தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலோர் அங்கே என்ன செய்கிறார்கள்? "எனக்கு இது வராது போல" என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். அல்லது, இன்னும் மோசம், அடுத்த கோர்ஸுக்கு. பைத்தான் கோர்ஸில் ஒன்றும் வராதவன் டேட்டா சயின்ஸில் சேருகிறான். அங்கே சேர்த்துக்கொள்கிறவர்களும் எதையும் கேட்பதில்லை, ஃபீஸைத் தவிர.

அந்த சர்டிபிகேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூ மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் நாங்கள் அதைப் புரட்டிப் பார்ப்பதுகூட இல்லை. "இ-காமர்ஸ் வெப்சைட்" புராஜெக்ட் என்று ரெஸ்யூமேயில் இருந்தால் கொட்டாவிதான் வரும். ஒரே நிலையத்திலிருந்து வரும் பத்துப் பேரின் புராஜெக்டிலும் அதே பட்டன், அதே எழுத்துப்பிழை. அதற்குப் பதிலாக, அப்பா மண்டிக்குக் கொண்டுபோகும் தக்காளிக்குக் கமிஷனும் வண்டி வாடகையும் கூலியும் போக என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் போடும் ஒரு சின்ன புரோகிராமைக் கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரம் பேசலாம். ஏன் இப்படி எழுதினாய், கமிஷன் மாறினால் என்ன செய்வாய் என்று நான் கேட்பதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கும், ஏனென்றால் நீங்கள்தான் எழுதினீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? எந்த லாங்குவேஜ் என்ற பட்டிமன்றம் வேண்டாம். பைத்தான் எடுங்கள். வெப்சைட் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட். கல்லூரியில் சி மொழி ஓடிக்கொண்டிருந்தால் அதுவே போதும். எதை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள். பைத்தானுக்குப் பழைய வீடியோ பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாமல் எழுதினால் அது பைத்தான் 2, பழைய பதிப்பு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மூடிவிட்டு வேறு பாருங்கள்.

புது லேப்டாப்புக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே தொடங்கப் போதும். பைத்தானை அதன் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கினால், எழுதிப் பார்க்க ஐடில் என்ற சின்ன எடிட்டர் கூடவே வரும். அதை இறக்க வழியில்லையென்றால் பிரவுசரிலேயே எழுதி ஓட்டிப் பார்க்க கூகுள் கோலாப் இருக்கிறது.

பாடமும் இலவசம்தான். என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பைத்தான் வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது, தேர்வு எழுதினால்தான் பணம் கட்ட வேண்டும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் உண்டு. கணியம் தளத்தில் தமிழில் கணினி நூல்கள் கிடைக்கும். வெப் பக்கம் போகிறவர்களுக்கு ஃப்ரீகோட்கேம்ப் தளம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற அறிமுக வகுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பயமுறுத்தும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் கிடைக்கும் வகுப்பில் பெயருக்கு உட்கார்ந்துவிட்டு, அதே பாடத்தை வெளியில் பணம் கட்டிப் படிப்பவர்களை என்னவென்று சொல்ல?

"இங்கிலீஷ் வராதே அண்ணா" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஊத்தங்கரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இன்று எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர் எங்கள் டீமிலேயே இருக்கிறார். தொடக்கத்துக்கு வேண்டியது கொஞ்சம் சொற்கள்தான். சிவப்பு எழுத்தில் எர்ரர் வந்தால் பதறி மூடாதீர்கள். பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன தப்பு என்று அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே எந்த வரியில் என்று நம்பரும் போட்டிருக்கும். புரியாத சொல்லை நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே சொல் மறுபடி வரும்.

சாட்ஜிபிடியிடம் "இந்த எர்ரருக்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள், தாராளமாக. "எழுதிக் கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள், இந்த முதல் மூன்று மாதம்.

இதையெல்லாம் செய்து பார்த்தபின், நேரில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தோன்றினால் கோர்ஸில் சேருங்கள், தப்பில்லை. ஆனால் வேலை கேரண்டி என்று சொல்லும் இடத்தில் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம். பயிற்சி நிலையங்கள் இப்படிப் பொய் உத்தரவாதம் கொடுத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அப்புறம், "இரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் போட்டுத் தருகிறோம்" என்பவர்கள். நாங்கள் பிஎஃப் கணக்கைப் பார்ப்போம் அப்பா! அங்கே அந்த இரண்டு வருஷத்துக்குக் கம்பெனி பணம் போட்டதாக ஒன்றும் இருக்காது. வேலை கிடைத்திருந்தாலும் போய்விடும்.

இஎம்ஐ பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் யார் பெயரில் கடன் என்று படியுங்கள். பெரும்பாலும் அது நிலையம் தரும் தவணை இல்லை, ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பாதியில் வகுப்புக்குப் போகாமல் நின்றால் வகுப்புதான் நிற்கும், கடன் நிற்காது. தவணை தவறினால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) விழும், நாளைக்கு டிராக்டர் லோனுக்குப் போகும்போது அது வந்து நிற்கும்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நிலையத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். போனில் கத்திப் பயனில்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930, அதற்கு அன்றைக்கே கூப்பிடுங்கள், "பார்க்கலாம்" என்று ஒரு வாரம் தள்ளாதீர்கள்.